போக்கோவின் வழித்தடத்தில்: கலிஃபோர்னியாவிலிருந்து மிசூரி வரை

திங்கள், வெஸ்ட் ஹாலிவுட்

சான்டா மோனிகா பூலவார்டில் 9081ஆம் எண் கட்டடம்தான் ட்ரூபடோர். பழங்கால அச்செழுத்தில் பெயர்ப் பலகை, உள்ளே கருத்த மரச் சுவர்கள், ஒரு பக்கம் மதுக்கூடம். ஐந்நூறு பேர் நின்றால் இடம் நிரம்பிவிடும். டக் வெஸ்டன் என்பவர் 1957இல் தொடங்கிய இந்த அரங்கத்துக்கு எல்டன் ஜானின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. 1970 ஆகஸ்டில் அவர் அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். ஈகிள்ஸ் என்ற ராக் குழுவின் ரசிகர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தக் குழுவின் டான் ஹென்லியும் கிளென் ஃபிரேயும் பழகத் தொடங்கிய இடம் இது.

நான் வந்தது போக்கோவுக்காக. கன்ட்ரி என்ற அமெரிக்க கிராமிய இசையையும் ராக்கையும் கலந்து வாசித்த குழு அது.

1968 மே மாதம் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ராக் குழு கலைந்தது. ஸ்டீஃபன் ஸ்டில்ஸ், நீல் யங் என்ற இரண்டு பெரிய ஆளுமைகள் ஒரே குழுவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகளே சாட்சி. அவர்கள் அவரவர் வழியில் போனபோது எஞ்சியவர்கள் பாடகர் ரிச்சி ஃபியூரேயும், ஒலிப்பதிவுப் பொறியாளராக வந்து கடைசியில் பேஸ் கிதாரும் வாசித்த ஜிம் மெசினாவும். கடைசி ஆல்பத்தில் ஃபியூரே தன் மனைவிக்காக எழுதிய ஒரு பாடலுக்கு பெடல் ஸ்டீல் என்ற, கிடத்தி வாசிக்கும் கிதார் தேவைப்பட்டது. டென்வரிலிருந்து ரஸ்டி யங் என்ற இருபத்திரண்டு வயது இளைஞரை வரவழைத்தார்கள். அந்த ஒலிப்பதிவு முடிந்தபோது புதிய குழுவுக்கு அடித்தளம் போட்டாயிற்று. ரஸ்டி யங்குடன் டென்வரில் வாசித்த ஜார்ஜ் கிராந்தம் டிரம்ஸுக்கு வந்தார். பேஸ் கிதாருக்கு நெப்ராஸ்காக்காரர் ராண்டி மைஸ்னர்.

அந்த ஐவரும் 1968 இலையுதிர்காலத்தில் ட்ரூபடோர் மேடையில் ஏறியபோது குழுவின் பெயர் 'போகோ'. அது வால்ட் கெல்லி வரைந்த புகழ்பெற்ற கேலிச்சித்திரத் தொடரின் நாயகன் பெயர். கெல்லி எதிர்ப்புத் தெரிவிக்கவே ஓர் எழுத்தை மாற்றி 'போக்கோ' ஆக்கினார்கள்.

இசை வரலாறுகளில் இந்தக் குழுவுக்கு வழக்கமாக ஒரு வரி ஒதுக்குவார்கள்: ஈகிள்ஸின் இரண்டு பேஸ் கிதார் கலைஞர்களும் இங்கிருந்து போனவர்கள் என்று. அது உண்மைதான். ஆனால் போனவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போக்கோ ஒரு பயிற்சிக்கூடமாகவே தெரியும். இருந்தவர் ஒருவர் உண்டு. 1968இல் ஸ்டீல் கிதார் வாசிக்க வந்தவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தப் பெயரை விடாமல் சுமந்தார். ஒவ்வொருவராக விலகிப் போகப் போக, பாடாதவர் பாடினார், எழுதாதவர் எழுதினார். ரஸ்டி யங் வாழ்ந்த ஊர்களின் வழியாகவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டிருக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ், டென்வர், போல்டர், கடைசியாக மிசூரியில் ஒரு மலைக்காட்டு ஊர்.

இன்றிரவு வேறொரு இளம் குழுவின் நிகழ்ச்சி. மேடைக்கும் முதல் வரிசைக்கும் கை நீட்டும் தூரம்தான். இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் சுருதி விலகினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மூன்று உச்சக் குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து பாடுவதையே அடையாளமாகக் கொண்ட போக்கோ, அந்தக் குரல்களை இங்கேதான் முதலில் சோதித்துப் பார்த்தது. கேட்பவருக்குச் சாவகாசமாகத் தோன்றும் அந்த இசைக்குப் பின்னால் எத்தனை மணி நேர ஒத்திகை இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றபோது உணர முடிந்தது.

செவ்வாய், லாரல் கேன்யன்

காலையில் சன்செட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். மெசினா பொறியாளராக வேலை பார்த்த இடம். பிறகு லாரல் கேன்யன் சாலையில் ஏறினேன். நகரத்தின் நடுவிலேயே திடீரென்று மலை தொடங்கிவிடுகிறது. யூகலிப்டஸ் வாசனை, குறுகிய வளைவுகள், சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் மர வீடுகள். பாதி வழியில் அந்தப் பழைய பலசரக்குக் கடை, லாரல் கேன்யன் கன்ட்ரி ஸ்டோர், இன்றும் நடக்கிறது. அறுபதுகளின் கடைசியில் இந்தச் சரிவுகளில் வீட்டுக்கு வீடு ஒரு பாடகர் இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஃபியூரேயின் வீடும் இந்தப் பகுதியில்தான் இருந்தது. வரவேற்பறையில் ஒத்திகை நடக்கும்போது, அப்போது பேர் தெரியாத இளைஞராக இருந்த கிளென் ஃபிரே தரையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பார் என்று ஃபியூரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். குரல்களை எப்படி அடுக்குகிறார்கள் என்பதைப் பார்ப்பதற்காக வருவாராம். வன்மம் இல்லாமல்தான் ஃபியூரே அதைச் சொல்கிறார். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்திருக்கிறது. நல்ல இசையைக் கேட்கக் காலடியில் வந்து உட்கார்ந்த ஒருவர் அதைக் கொண்டு உலகத்தையே வென்றார் என்றால், கற்றுக்கொடுத்தவருக்கும் அதில் பெருமை உண்டு.

குழுவின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான பண்டமாற்று நடந்தது. ஃபியூரே அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தார். போக்கோவை எடுத்துக்கொள்ள விரும்பியதோ எபிக் என்ற இன்னொரு நிறுவனம். அதே சமயம் கிராஸ்பி, ஸ்டில்ஸுடன் சேர்ந்து ஒரு குழு தொடங்கவிருந்த பாடகர் கிரகாம் நேஷ் எபிக் பக்கம் இருந்தார். அவரை அட்லாண்டிக் விரும்பியது. இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். ஒரு கையெழுத்தில் இரண்டு குழுக்களின் தலைவிதி எழுதப்பட்டது.

முதல் ஆல்பம் 'பிக்கின் அப் தி பீசஸ்' 1969இல் வந்தது. அது வெளிவருவதற்கு முன்பே மைஸ்னர் போய்விட்டார். ஒலிப்பதிவின் இறுதிக் கலவையை ஃபியூரேயும் மெசினாவும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தான் வாசித்த இசையைக் கேட்கக்கூட அவரை உள்ளே விடவில்லை என்பது அவருடைய மனக்குறை. அவர் வாசித்த பேஸ் அப்படியே இருந்தது. அவர் பாடியதை நீக்கிவிட்டு கிராந்தமைப் பாட வைத்தார்கள். அட்டையில் வரையப்பட்டிருந்த அவருடைய உருவம் இருந்த இடத்தில் ஒரு நாயை வரைந்தார்கள். இந்த ஆல்பத்தை எத்தனையோ முறை ரசித்துக் கேட்டிருக்கிறேன். என்றாலும் அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெருடுகிறது. ஒத்த குரலில் பாடுவதையே உயிராகக் கொண்டவர்கள் ஒரு தோழனை இப்படி அழித்திருக்க வேண்டாம்.

இதே மைஸ்னர் 1971இல் ஈகிள்ஸின் நிறுவனர்களில் ஒருவரானார். போக்கோவில் அவர் இடத்துக்கு வந்தவர் டிமதி ஷ்மிட். முதலில் நடந்த தேர்விலேயே வந்து மைஸ்னரிடம் வாய்ப்பை இழந்தவர் அவர்.

புதன், டென்வர்

விமானம் தாமதம். மாலைதான் இறங்கினேன். டென்வரில் பல ஆண்டுகளாக வசிக்கும் பெரியப்பா மகன் அழைத்துப் போக வந்திருந்தார். இங்கிருந்து மிசூரி வரை அவரும் வருகிறார், கார் அவருடையது. "போக்கோவா? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். "நாளைக்குக் கேட்டுவிடுவீர்கள் அண்ணா" என்றேன்.

வியாழன், டென்வர்

இன்று முழுவதும் ஒரே கருவியோடு போனது.

பழைய கிதார்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறிய கடை. உரிமையாளர் எழுபதைக் கடந்தவர், இளமையில் மதுக்கூடங்களில் ஸ்டீல் வாசித்தவர். ரஸ்டி யங்கின் பெயரைச் சொன்னதும் எதுவும் பேசாமல் பின்கட்டுக்குப் போய், ஒரு பெடல் ஸ்டீலை நாற்காலியோடு எடுத்து வைத்தார். "உட்கார்" என்றார்.

அதைக் கிதார் என்று அழைப்பது பழக்கத்தால்தான். பார்வைக்கு அது நான்கு கால்கள் உள்ள ஒரு நீண்ட மேசை. மேலே இரண்டு வரிசைகள், வரிசைக்குப் பத்துத் தந்திகள். அடியில் தண்டுகளும் நெம்புகோல்களும் நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன. இடது காலுக்கு ஒரு வரிசை பெடல்கள், முழங்கால்களால் இடமும் வலமும் தள்ளுவதற்கு நெம்புகோல்கள், வலது காலுக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல். வலது கைக் கட்டைவிரலிலும் இரண்டு விரல்களிலும் மீட்டுவளையங்கள். இடது கையில் ஓர் உருண்டையான எஃகுத் தண்டு. அதைத் தந்திகளின் மேல் அழுத்தாமல் வைத்து நகர்த்த வேண்டும்.

நம் கோட்டுவாத்தியத்தைக் கேட்டிருப்பவர்களுக்கு இதில் பாதி உடனே விளங்கிவிடும். வீணையில் இருப்பதுபோல மெட்டுக்கட்டைகள் இல்லை, கட்டையை இழைத்து ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போவது, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே இசையின் உயிர். மீதிப் பாதிதான் அமெரிக்கக் கண்டுபிடிப்பு. எஃகுத் தண்டை நகர்த்தினால் எல்லாத் தந்திகளும் சேர்ந்தே ஏறும், இறங்கும். பெடலை மிதித்தாலோ குறிப்பிட்ட தந்திகள் மட்டும் இறுகி ஏறும், மற்றவை அசையாமல் நிற்கும். கடைக்காரர் மூன்று தந்திகளை மீட்டச் சொன்னார். ஒலி நிலைத்து நின்றது. முதல் இரண்டு பெடல்களையும் சேர்த்து மெதுவாக மிதிக்கச் சொன்னார். ஒரு தந்தி முழு ஸ்வரம் ஏறியது, இன்னொன்று அரை ஸ்வரம் ஏறியது, மூன்றாவது நகரவே இல்லை. ஒரு சுரக்கட்டு உருகி இன்னொன்றாகிவிட்டது, என் இடது கை இம்மியும் நகரவில்லை. கன்ட்ரி இசையில் கேட்கும் அந்த ஏக்கத்தின் ரகசியம் அதுதான். 1954இல் வெப் பியர்ஸின் ஒரு பாடலில் பட் ஐசக்ஸ் இதை வாசித்துக் காட்டியதும், நாஷ்வில்லில் இருந்த ஸ்டீல் கலைஞர்களெல்லாம் தங்கள் கருவிக்குப் பெடல் பொருத்த ஓடினார்கள் என்றார் கடைக்காரர்.

ரஸ்டி யங் ஆறு வயதில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீலைத் தொட்டவர். பிறந்தது கலிஃபோர்னியாவின் லாங் பீச், வளர்ந்தது கொலராடோவில். பள்ளியில் படிக்கும்போதே மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், டென்வர் மதுக்கூடங்களில் வாசித்தார். அப்படி ஊறியவர் என்பதால்தான் அந்தக் கருவியின் வழக்கங்களை மீறும் துணிவு அவருக்கு இருந்தது. சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியின் வழியாக ஸ்டீலைச் செலுத்தினார். அது ஹாமண்ட் ஆர்கன் ஒலியாக மாறியது. 1970இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் பதினெட்டு நிமிடம் ஓடும் ஒரு நீண்ட இசைத்தொடர் உண்டு. அதில் ஆர்கன் வாசிப்பவர் யார் என்று தேடியவர்கள் பலர்.

மாலையில் அண்ணனுக்கு அந்தப் பதினெட்டு நிமிடத்தையும் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு, "இது மேசையில் இருந்து வருகிற சத்தமா?" என்றார். பகலில் அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தார்.

வெள்ளி, போல்டர் - நெடர்லேண்ட்

போல்டரிலிருந்து நெடர்லேண்டுக்கு மலைச்சாலை ஓடையை ஒட்டியே ஏறுகிறது. நெடர்லேண்ட் எட்டாயிரம் அடிக்கு மேலே. செப்டம்பர் கடைசி, ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. இதற்குப் பக்கத்தில்தான் கேரிபூ ராஞ்ச் என்ற புகழ்பெற்ற ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. 1985இல் தீப்பிடித்ததோடு அதன் காலம் முடிந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் போக்கோ லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுக் கொலராடோவுக்கு வந்தது. அதற்குள் மெசினாவும் விலகிவிட்டார். 1970இல் தன் இடத்துக்கு இல்லினாய் ஸ்பீட் பிரஸ் குழுவின் பால் காட்டனைக் கொண்டுவந்து பழக்கிவிட்டுத்தான் போனார். நாகரிகமான விலகல். பிறகு கென்னி லாகின்ஸின் ஆல்பத்தைத் தயாரிக்கப் போனவர், லாகின்ஸ் அண்ட் மெசினா என்ற வெற்றிகரமான ஜோடியில் பாதியானார்.

இந்த ஊர் ஃபியூரேக்கு ஆறுதலையும் பெரிய ஏமாற்றத்தையும் சேர்த்தே கொடுத்தது. 1972இல் வந்த 'எ குட் ஃபீலின் டு நோ' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் வானொலிகளில் கொடிகட்டிப் பறக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். மேடையில் அதைப் பாடினால் கூட்டம் எழுந்து நின்றது. பாட்டு விற்பனைப் பட்டியலை எட்டவே இல்லை. அதே ஆண்டுதான் ஈகிள்ஸின் முதல் ஆல்பம் வந்து நாடெங்கும் ஒலித்தது. மைஸ்னர் அதில் பாடினார். ஃபிரே அதில் பாடினார்.

அந்த ஈகிள்ஸும் இந்த ஊருக்குக் கடன்பட்டவர்கள். 1971 டிசம்பரில், பெயர் பெறுவதற்கு முன், போல்டர் பல்கலைக்கழகப் பகுதியில் உள்ள துலாகி என்ற விடுதியில் வாசித்துப் பழகினார்கள். அந்த விடுதி இருந்த தெருவில் இன்று மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு தெருமுனையில் நின்று யோசித்தேன். ஏன் அவர்களுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை?

பல காரணங்கள் சொல்கிறார்கள். கன்ட்ரி வானொலி நிலையங்களுக்குப் போக்கோ ராக், ராக் நிலையங்களுக்கு அது கன்ட்ரி என்பது ஒன்று. மேடையில் இருந்த உற்சாகம் ஒலிப்பதிவில் அடங்கிவிட்டது என்பது இன்னொன்று. 1971இல் வந்த நேரடி ஒலிப்பதிவு 'டெலிவரின்' முப்பது இடங்களுக்குள் ஏறியதைப் பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது. என்னுடைய எண்ணம் வேறு. ஈகிள்ஸ் ஸ்டீல் கிதாரை ஓரத்துக்குத் தள்ளிக் குரலையும் கிதாரையும் முன்னே நிறுத்தினார்கள். போக்கோ அந்தக் கருவியைக் கடைசிவரை நடுவிலேயே வைத்திருந்தது. வானொலிக்கு அது இடைஞ்சல். இசைக்கு அதுதான் நேர்மை.

1973இல் 'கிரேஸி ஐஸ்' வந்தது. அதன் தலைப்புப் பாடல் கன்ட்ரி ராக் பாடகர் கிராம் பார்சன்ஸை நினைத்து ஃபியூரே எழுதியது. ஆல்பம் வெளியான அதே செப்டம்பரில் பார்சன்ஸ், இருபத்தாறே வயதில், ஜோஷுவா ட்ரீயில் இறந்துபோனார். ஃபியூரேயும் குழுவை விட்டு விலகினார். இசைத்தட்டு நிறுவனத் தலைவர் டேவிட் கெஃபென் சேர்த்துவைத்த சவுதர்-ஹில்மன்-ஃபியூரே குழுவில் அவர் எதிர்பார்த்த புகழ் நிலைக்கவில்லை. ஆனால் அங்கே ஸ்டீல் வாசித்த ஆல் பெர்கின்ஸ் அவரைக் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் ஃபியூரே இதே கொலராடோவின் புரூம்ஃபீல்டில் நீண்ட காலம் தேவாலயப் போதகராக இருந்தார்.

குழுவைத் தொடங்கியவர், முகமாக இருந்தவர், முதன்மைக் குரலாக இருந்தவர் போய்விட்டார். இங்கேயே குழு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. யங், காட்டன், ஷ்மிட், கிராந்தம் நால்வரும் தொடர்ந்தார்கள்.

சனி, கான்சாஸைக் கடந்து

டென்வரிலிருந்து விச்சிட்டா வரை நாள் முழுக்கக் கார். சோளக்கொல்லைகள் செம்பழுப்புக் கதிர்களோடு அடிவானம் வரை போகின்றன. ஊருக்கு ஒரு தானியக் கோபுரம். வேறொன்றும் மறைக்காத வானம். இந்த இடத்தில் வேகமான இசையைக் கேட்கவே தோன்றவில்லை. போக்கோவின் 'லெஜண்ட்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போனோம்.

1977இல் மைஸ்னர் ஈகிள்ஸிலிருந்து விலகினார். அங்கே அவர் இடத்துக்குப் போனவர் ஷ்மிட். போக்கோவில் ஒருமுறை நடந்தது அப்படியே அங்கேயும் நடந்தது. யங் அதைத் தடுக்கவில்லை, கசப்பாகப் பேசவும் இல்லை. சிறிது காலத்தில் கிராந்தமும் விலகினார். மிஞ்சியது யங்கும் காட்டனும். பிரிட்டிஷ்காரர்களான சார்லி ஹாரிசனையும் ஸ்டீவ் சாப்மனையும் சேர்த்துக்கொண்டு, தங்கள் இருவர் பெயரிலேயே ஒரு புதிய குழுவாகப் போகலாம் என்று ஒலிப்பதிவைத் தொடங்கினார்கள். கேட்டுப் பார்த்த ஏபிசி இசைத்தட்டு நிறுவனம் போக்கோ என்ற பெயரிலேயே வரட்டும் என்றது.

அப்படி உருவானதுதான் 'லெஜண்ட்'. அதில் இருந்தது 'கிரேஸி லவ்'. எழுதியவர் ரஸ்டி யங், பாடியவரும் அவரே. ஃபியூரே, மெசினா, ஷ்மிட், காட்டன் போன்ற குரல்கள் சூழ்ந்திருந்தபோது வாயைத் திறக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் சுவருக்குப் பலகை பதித்துக்கொண்டிருந்தபோது, கீழே தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பல்லவி மனதில் வந்ததாம். பக்கத்தில் எப்போதும் ஒரு கிதார் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது. பல்லவியில் வெறும் ஓசைகளாக வரும் இடத்துக்குப் பிறகு சொற்கள் போடலாம் என்று வைத்திருந்தார். மற்றவர்கள் அதைத் தொடவிடவில்லை. நல்ல முடிவு.

1978 நவம்பரில் ஆல்பம் வெளியானது. அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு பில்போர்ட் இதழின் முதன்மைப் பட்டியலில் பதினேழாம் இடம் வரை ஏறியது. மென்னிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. நியூ ஆர்லியன்ஸைப் பற்றிக் காட்டன் எழுதிய 'ஹார்ட் ஆஃப் தி நைட்' இருபதாம் இடம் வந்தது. ஆல்பம் பதினான்காம் இடம், தங்க வட்டு. அட்டையில் ஒரே இழுப்பில் வரைந்ததுபோல ஒரு குதிரை. வரைந்தவர் ஃபில் ஹார்ட்மன். பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய நகைச்சுவை நடிகராக ஆனவர். அன்று இசை ஆல்பங்களுக்கு அட்டை வரைந்துகொண்டிருந்தார்.

ஈகிள்ஸின் 1976 தொகுப்பு 2018இல் அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்றது. தங்க வட்டு என்பது 5 லட்சம். எண்களை இப்படிப் பக்கத்தில் வைத்தால் போக்கோ சிறியதாகத்தான் தெரியும். பத்து ஆண்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், தொடங்கியவர்களில் மற்ற எல்லோரும் போன பிறகு, முன்னே வந்து பாடி அந்தக் குழுவுக்கு அதுவரை வாய்க்காத வெற்றியைத் தேடிக்கொடுத்தார் என்பதை எந்த எண்ணில் எழுதுவது?

சலீனாவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் போட நிறுத்தினோம். மறுபடி வண்டியை எடுத்ததும், நான் கேட்காமலே அண்ணன் அந்தப் பாட்டை முதலிலிருந்து போட்டார்.

ஞாயிறு, இங்கால்ஸ், ஓக்லஹோமா

சுற்றுவழிதான். ஆனாலும் பார்க்காமல் போக மனமில்லை.

எழுபதுகளில் பயணத்தின்போது ஓக்லஹோமாவில் கையில் கிடைத்த ஒரு சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தை வாசித்து, ரஸ்டி யங் 'ரோஸ் ஆஃப் சிமரான்' என்ற பாடலை எழுதினார். 1976 ஆல்பத்தின் தலைப்புப் பாடல் அது. ரோஸ் டன் என்ற பெண், கொள்ளைக்காரன் பிட்டர்கிரீக் நியூகோம்பின் காதலி. 1893 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த இங்கால்ஸ் கிராமத்தில் அவன் இருந்த டூலின் கும்பலுக்கும் மார்ஷல்கள் என்ற சட்டக் காவலர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தபோது, அவள் தோட்டா மழைக்கு நடுவே ஓடிப்போய் அடிபட்ட காதலனிடம் ரவைகளைக் கொடுத்தாள் என்பது கதை. அவள் அந்த இடத்திலேயே இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

இன்று அங்கே சில வீடுகள், மரங்கள், இறந்த மூன்று துணை மார்ஷல்களுக்கு ஒரு நினைவுக்கல். சிமரான் ஆறு தெற்கே சிறிது தூரத்தில் செம்மண் நிறத்தில் ஓடுகிறது. ஈகிள்ஸ் 1973இல் இதே கும்பலை வைத்து ஓர் ஆல்பமே செய்தார்கள். அவர்கள் பாடியது துப்பாக்கி ஏந்தியவர்களை. யங் பாட்டெழுதியது அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவளைப் பற்றி. 1981இல் கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸும் தன் ஆல்பத்தில் அதைப் பாடினார்.

நினைவுக்கல் அருகே ஐந்து நிமிடம் நின்றோம். வெயில் கடுமை. பிறகு டல்சா, அங்கிருந்து பழைய 66ஆம் நெடுஞ்சாலையின் தடத்தில் மிசூரி.

திங்கள், ஸ்டீல்வில், மிசூரி

ஓசார்க் மலைகளின் மடியில் சிறிய ஊர். மெரமெக் ஆற்றில் படகு மிதக்க விடுவதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். 1990 கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகையின் மையப்புள்ளி இந்த ஊருக்குத் தென்கிழக்கே பத்து மைலுக்குள் விழுந்தது. ரஸ்டி யங் பிற்காலத்தில் குடியேறியது இந்தப் பகுதியில், மார்க் ட்வைன் தேசியக் காட்டுக்குள் ஒரு மரவீட்டில்.

ஊருக்கு வெளியே மேட்டில் வைல்ட்வுட் ஸ்பிரிங்ஸ் லாட்ஜ். 1922இல் கட்டிய விடுதி. கீழே ஆறு. உள்ளே மரத்தூண்கள், கல் அடுப்பு, பழைய நாற்காலிகள். இலையுதிர்காலம்தோறும் இங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. போக்கோ ஆண்டு தவறாமல் வந்து வாசித்த இடம் இது. 2006இல் வெளியான 'தி வைல்ட்வுட் செஷன்ஸ்' என்ற ஆல்பத்தை இங்கேயே பதிவு செய்தார்கள். மேடை என்று தனியாக உயர்த்தி எதுவும் இல்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்கலாம். விடுதியில் வேலை செய்யும் ஒரு பெண்மணி, யங் ஸ்டீலை எங்கே வைத்துக்கொள்வார் என்று இடம் காட்டினார். நிகழ்ச்சி முடிந்த பிறகும் கடைசி ஆள் போகும்வரை பேசிக்கொண்டிருப்பாராம்.

1989இல் ஒரு அதிசயம் நடந்தது. முதல் ஐவரும், மைஸ்னர் உட்பட, திரும்பச் சேர்ந்து 'லெகசி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். தங்க வட்டு பெற்றது. ஒரு பாட்டு பதினெட்டாம் இடம் வந்தது. நாய்க்கு விட்டுக்கொடுத்த இடம் இருபது ஆண்டு கழித்து மைஸ்னருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தச் சேர்க்கை நிலைக்கவில்லை. 2004இல் மாசசூசெட்ஸ் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிராந்தமுக்குப் பக்கவாதம் வந்தது. 2010இல் காட்டனும் விலகினார். யங் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தினார். 2013இல் ஸ்டீல் கிதார் கலைஞர்களுக்கான புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது; 2015இல் கொலராடோ இசைப் புகழ் மன்றம் போக்கோவைச் சேர்த்துக்கொண்டது. தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தை அவர் வெளியிட்டது 2017இல், எழுபத்தொரு வயதில்.

2021 ஏப்ரல் 14ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். அதே கோடையில் பால் காட்டன். 2023 ஜூலையில் மைஸ்னர்.

மதியம் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். மற்றவர்கள் போன இடமெல்லாம் பெரிய இடம், இவர் மட்டும் ஏன் இங்கேயே இருந்தார் என்று அண்ணன் கேட்டார். இந்தப் பயணம் முழுக்க அந்தக் கேள்வி என்னோடும் வந்துகொண்டிருந்தது. யங்குக்குப் போக வாய்ப்பில்லாமல் இல்லை. நல்ல ஸ்டீல் கலைஞருக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலும் நாஷ்வில்லிலும் எப்போதும் வேலை உண்டு. ஆனால் அங்கெல்லாம் அந்தக் கருவி பாட்டுக்குப் பின்னால் நிற்கும். போக்கோவில் அது நடுவில் நின்றது. தன் கருவிக்கு அப்படி ஓர் இடம் உள்ள ஒரே குழுவை அவர் விட்டுப் போகாமல் இருந்தது தியாகம் என்று எனக்குப் படவில்லை. அவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்து வைத்திருந்தார். அண்ணனிடம் அதைத்தான் சொன்னேன்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 'லெஜண்ட்' ஆல்பத்தில் தொடங்க வேண்டாம் என்பேன், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும். முதலில் 'டெலிவரின்'. ஃபியூரே, மெசினா, யங், கிராந்தம், ஷ்மிட் ஐவரின் மூச்சும் வேகமும் அதில் இருக்கின்றன. பிறகு 'கிரேஸி ஐஸ்', விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில். அதற்கடுத்து 1976இன் 'ரோஸ் ஆஃப் சிமரான்'. அவ்வளவும் கேட்ட பிறகு 'லெஜண்ட்' போட்டால், பாடுவது யார், அதுவரை எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.